வெறும் மரம் விழுந்ததை வெச்சு டொர்னேடோனு எப்படிச் சொல்றாங்க?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள் பூரா அன்னிக்கு புயல் அலர்ட், தள்ளி இருக்கற கவுண்ட்டிகள்ல (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வீடெல்லாம் போற அளவுக்கு டொர்னேடோ, அதாவது மேகத்துல இருந்து தரையைத் தொடற சுழல்காத்து, உங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணும் ஆகல ஆனா வரிசையா மரங்க சாஞ்சிருச்சு, எல்லாரும் பலமான காத்துன்னு விட்டுட்டீங்க. அப்புறம் நேஷனல் வெதர் சர்வீஸ், அதாவது அமெரிக்க அரசோட வானிலைத் துறை, ஆளுங்க வந்து நடந்து பாத்துட்டு இது ஈஎஃப்-1 டொர்னேடோ (டொர்னேடோ வலுவை 0ல இருந்து 5 வரைக்கும் சொல்ற அளவுகோல்ல ரெண்டாவது படி), மணிக்கு 90 மைல் காத்துன்னு அறிவிச்சிட்டாங்க. மேகத்துல இருந்து தொங்கற புனலை யாரும் பாக்கல, சைரன் ஊதல, போனும் கத்தல. மரத்தை மட்டும் பாத்து இதை எப்படிச் சொல்ல முடியும், இவ்ளோ சின்ன விஷயத்துக்கு எதுக்கு சர்வே எல்லாம், இதான உங்க கேள்வி.

மரத்தை மட்டும் பாத்து சொல்ல முடியும், பல நேரம் வீட்டைப் பாத்து சொல்றதை விட தெளிவாவே சொல்ல முடியும். ஏன்னா வீடு இடிஞ்சா எந்தப் பக்கத்துல இருந்து காத்து அடிச்சதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம், மரம் விழுந்தா அதுவே அம்புக்குறி மாதிரி படுத்திருக்கும். எத்தனை மரம் போச்சுங்கறது ரெண்டாவதுதான், எந்தத் திசையில படுத்திருக்குங்கறதுதான் முக்கியம்.

முதல்ல அந்த ராத்திரி என்ன நடந்திருக்கும்னு பாப்போம். மெக்சிகோ வளைகுடா பக்கம் இருந்து ஈரமான சூடான காத்து கீழ்மட்டத்துல வடக்கே ஏறுது, மேற்குல இருந்து காஞ்ச காத்து வருது, இதுக்கெல்லாம் மேல ஜெட் ஸ்ட்ரீம்ங்கற உயர்மட்டக் காத்து வேகமா ஓடுது. தரையில இருந்து மேல போகப்போக காத்தோட வேகமும் திசையும் மாறிக்கிட்டே போகும், இதைத்தான் ஷியர்னு சொல்றாங்க. இந்த சூழ்நிலையில இடிமேகம் தனித்தனியா, சுத்திக்கிட்டே வளந்தா அது சூப்பர்செல், டிவியில காட்டற பெரிய டொர்னேடோ பெரும்பாலும் அதுல இருந்து வர்றதுதான். ஆனா ராத்திரி ஆக ஆக நிறைய சமயம் இந்தப் புயல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நூறு மைலுக்கும் மேல நீளமான ஒரே கோடா மாறிடும். அந்தக் கோட்டுக்கு முன்னாடி குளிர்ந்த காத்து பாய்ஞ்சு வரும், சில இடத்துல அது முந்திக்கிட்டு வரும், சில இடத்துல பின்தங்கும், அந்த வளைவுல சின்னச் சின்னச் சுழல் உருவாகும், பாறை இருக்கற ஆத்துல தண்ணி வேகமா ஓடும்போது அங்கங்க சுழி விழுமே அப்படி. அதுல ஒண்ணு தரையைத் தொட்டா ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோதான் இருக்கும், ஆனா அந்தக் கோடே மணிக்கு 50, 60 மைல்ல நகர்றதால ரெண்டு நிமிஷத்துலயே கிட்டத்தட்ட ரெண்டு மைல் தூரத்துக்கு மரத்தைச் சாச்சுட்டுப் போயிடும். மழை திரை மாதிரி மூடியிருக்கும், இருட்டு வேற, புனல் எங்க தெரியப் போகுது.

இந்த மாதிரி சின்ன டொர்னேடோ அபூர்வம் எல்லாம் இல்ல. அமெரிக்காவுல வருஷத்துக்கு சராசரியா 1200 டொர்னேடோ பதிவாகுது, அதுல பெரும்பகுதி ஈஎஃப்-0, ஈஎஃப்-1 தான். 2024 ஜூலை 15 அன்னிக்கு சிகாகோ பக்கம் ஒரு புயல் கோடு போச்சு, அந்த ஒரே ராத்திரியில வெதர் சர்வீஸோட சிகாகோ ஆபீஸ் எல்லைக்குள்ள மட்டும் 32 டொர்னேடோ உறுதியாச்சு, அந்த ஆபீஸுக்கு ஒரே நாள்ல அவ்ளோ எண்ணிக்கை அதுக்கு முன்னாடி வந்ததில்ல. பெரும்பாலும் வலு குறைஞ்ச வகை, நாசம் ஆனது முக்கியமா மரங்களும் கூரைகளும்தான். அங்கயும் ஆளுங்க தெருத்தெருவா போய் விழுந்த மரத்தைப் பாத்துத்தான் ஒண்ணொண்ணா பிரிச்சாங்க.

இப்ப மரத்துக்கு வருவோம், எனக்கு இதுலதான் ரொம்ப ஆர்வம்.

மேகத்துல இருந்து குளிர்ந்த காத்து தொபீர்னு கீழ இறங்கி தரையில மோதினா நாலாபக்கமும் விரியும். அப்போ மரங்களும் ஒரு மையத்துல இருந்து விசிறி மாதிரி வெளிப்பக்கமா விழும். இதை டவுன்பர்ஸ்ட்னு சொல்றோம். டொர்னேடோவுல நேர் எதிர், காத்து சுத்திக்கிட்டே உள்ள இழுக்கும், அதனால மரங்க ஒரு நடுக்கோட்டை நோக்கி உள்பக்கமா சாஞ்சிருக்கும், அந்தத் தடம் ஒடுக்கமா நீளமா போகும். இதை எஸ்டோனியாவுல டார்ட்டு பல்கலைக்கழகத்துல இருந்த யோஹான்னஸ் லெட்ஸ்மன் 1920கள்லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார், சுழல் நகர்ற வேகமும் சுத்தற வேகமும் மாறினா காட்டுல மரங்க எந்தெந்த கோணத்துல விழும்னு. ரேடார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பேனாவும் பேப்பரும் மட்டும்தான்.

ஆனா இதை எல்லார் கண்ணுக்கும் கொண்டுவந்தது சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா. 1945ல அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் சேதத்தைப் பாத்தவர் அவர், குண்டு வெடிச்ச இடத்துல இருந்து மரங்க எப்படி வெளியே பாத்து விழுந்திருந்துச்சுன்னு அவர் மனசுல பதிஞ்சிருந்துச்சு. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகள்ல 13 மாநிலங்கள்ல 148 டொர்னேடோ வந்த பெரிய அவுட்பிரேக்குக்கு (டொர்னேடோ கூட்டமா அடுத்தடுத்து வர்றது) அப்புறம் விமானத்துல பறந்து தடங்களைப் பாத்தப்போ, சில இடத்துல சுழல் அடிச்ச அடையாளமே இல்லாம, மரங்களும் பயிரும் நட்சத்திரம் வெடிச்ச மாதிரி வெளிப்பக்கமா விழுந்து கிடந்ததைப் பாத்தார். முன்னாடி பாத்தது ஞாபகம் வந்துச்சு. டவுன்பர்ஸ்ட்ங்கற கருத்து அங்க இருந்துதான் வளந்துச்சு, 1975ல நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்கிட்ட ஈஸ்டர்ன் 66 விமானம் நொறுங்கினதை விளக்கவும் அதான் உதவுச்சு. இன்னிக்கு நம்ம விமானம் பத்திரமா இறங்குறதுல அந்த விழுந்த மரங்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

சரி, உங்க தெருவுல எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே பக்கமா, கிழக்கு வடகிழக்கா விழுந்திருந்துச்சுன்னு சொல்லியிருந்தீங்க, அப்போ நேர்க் காத்துதானேன்னு சந்தேகம். இது ரொம்ப நியாயமான சந்தேகம், சர்வேக்குப் போறவங்களே தலையைப் பிச்சுக்கற இடம் இதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. சுழல் மணிக்கு 45 மைல்ல சுத்துதுன்னு வைங்க, மொத்தமா 50 மைல்ல முன்னாடி நகருதுன்னு வைங்க. பூமியோட வட பாதியில இது பெரும்பாலும் இடஞ்சுழியா சுத்தும், அதனால போற திசையைப் பாத்து நின்னா வலது பக்கம் ரெண்டு வேகமும் கூடி 95 ஆகும். இடது பக்கம் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு 5 மைல்தான் மிஞ்சும். அப்போ பெரும்பாலும் வலது பக்கம்தான் மரம் விழும், அதுவும் முன்னாடி பாத்து. பின்பக்கமா மரம் விழறது அபூர்வம். வலுவான டொர்னேடோன்னா சுத்தற வேகம் நகர்ற வேகத்தை விட ரொம்ப அதிகம், அதனால எதிரும் புதிருமா கிடக்கும், யாரு பாத்தாலும் தெரிஞ்சிடும். வலு குறைஞ்சது, வேகமா நகர்றதுன்னா அந்த அடையாளம் மங்கிப் போகும். அதனால ஒரு தெருவை மட்டும் பாத்து முடிவு பண்ண மாட்டாங்க. வலது ஓரத்துல விழுந்த மரங்க கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருக்கா, இடது ஓரத்துல விழுந்த ஒண்ணு ரெண்டு குறுக்கா நடுக்கோட்டைப் பாத்து இருக்கா, தடம் ஒரு மைல், ரெண்டு மைல் தாண்டியும் அதே ஒடுக்கத்துல போகுதான்னு பாப்பாங்க. ஒரு மரத்து மேல இன்னொண்ணு குறுக்கா கிடந்தா அது தங்கம், கீழ கிடக்கறது சுழலோட முன் விளிம்பு வந்தப்போ விழுந்தது, மேல கிடக்கறது பின் விளிம்பு கடந்தப்போ விழுந்தது, காத்து எப்படித் திரும்புச்சுன்னு அதுலயே தெரியும். அப்புறம் அந்த நேரத்து ரேடார் பதிவுல அதே கோட்டுல சுழற்சி தெரியுதான்னு பொருத்திப் பாப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போனா உறுதி பண்ணுவாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், நிறைய பேர் இதுல ஏமாறாங்க. மரத்தண்டு முறுக்கிக்கிட்டு ஒடிஞ்சிருக்கு, அதனால டொர்னேடோதான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. அது சாட்சியே இல்ல. மரத்தோட கிளை ஒரு பக்கம் கனமா இருந்தா நேர்க் காத்துலயே தண்டு திருகிக்கும். ரயில் ஓடற சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றதும் அப்படித்தான், 80 மைல் காத்து எங்க அடிச்சாலும் அந்தச் சத்தம் வரலாம்.

அடுத்து அந்த 90ங்கற நம்பர். அதை யாரும் கருவி வெச்சு அளக்கல, சேதத்தைப் பாத்து பின்னாடி இருந்து மதிப்பிடறதுதான். ஃபுஜிட்டா 1971ல கொண்டுவந்த அளவுகோலை டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகக் குழு திருத்தி, 2007 பிப்ரவரியில இருந்து இப்போ இருக்கற ஈஎஃப் அளவுகோலா நடைமுறையில இருக்கு. ஈஎஃப்-0ன்னா 65ல இருந்து 85 மைல், ஈஎஃப்-1 86ல இருந்து 110, ஈஎஃப்-2 111ல இருந்து 135, இப்படி மேல போகும். வீடு, பள்ளிக்கூடம், கம்பம்னு மொத்தம் 28 வகைப் பொருள் பட்டியல்ல இருக்கு, கடைசி ரெண்டும் மரம்தான், ஓக் மாதிரி அகல இலை மரங்க ஒரு வகை, பைன் மாதிரி ஊசியிலை மரங்க இன்னொரு வகை. அகல இலை மரம் வேரோட சாஞ்சிருந்தா எதிர்பார்க்கற காத்து 91 மைல், தண்டு நடுவுல ஒடிஞ்சிருந்தா 110. ஆனா அந்த 91 நிலையான நம்பர் இல்ல, நிலைமையைப் பொறுத்து 76 வரைக்கும் இறக்கலாம், 118 வரைக்கும் ஏத்தலாம்னு இடம் குடுத்திருக்காங்க. மரத்துக்கு மரம் அவ்ளோ வித்தியாசம் இருக்கறதால அந்த இடம் கட்டாயம் வேணும். முந்தின ஒரு வாரம் மழை பெஞ்சு மண்ணு ஊறியிருந்தா 70 மைல்லயே வேர் பிடுங்கிக்கும். உள்ள உளுத்துப்போன மரம் சும்மாவே விழும். இலை முழுசா இருக்கற மரம் அதிகக் காத்தை வாங்கும். வீட்டு முன்னாடி அழகுக்கு வெக்கற பிராட்ஃபோர்ட் பேர் மரம் ஒரே இடத்துல இருந்து நெருக்கமா பல கிளையா பிரிஞ்சு வளர்றதால சாதாரண இடி மழையிலயே ரெண்டா பிளந்துடும், அதை வெச்சு ஈஎஃப்-1 குடுத்தா தப்பாயிடும். அதனால அனுபவம் உள்ளவங்க வேரைக் குனிஞ்சு பாப்பாங்க, ஒடிஞ்ச இடத்துல மரம் வெள்ளையா திடமா இருக்கா இல்ல பழுப்பா பொடியா உதிருதான்னு தொட்டுப் பாப்பாங்க, ஒரே ஒரு மரத்தை நம்பாம சுத்தி நின்ன நல்ல மரங்கள்ல எத்தனை சாஞ்சுதுன்னு கணக்குப் பண்ணுவாங்க. உங்க இடத்துல 90ன்னு எழுதியிருக்காங்கன்னா அநேகமா திடமான மரங்க வேரோட போயிருக்குன்னு அர்த்தம்.

ஏன் முன்னாடியே சொல்லலங்கற கோபம் புரியுது. ரேடார் கதிர் நேர்கோட்டுக்குப் பக்கத்துல போகும், பூமி கீழ வளையும், அதனால ரேடார்ல இருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தா அதோட கீழ் கோணமே தரையில இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துலதான் பாக்கும். இந்தச் சின்ன சுழலோ அதுக்குக் கீழயே உருவாகி முடிஞ்சு போயிடுது. ஒரு முழுச் சுத்து ஸ்கேன் முடிய நாலஞ்சு நிமிஷம் ஆகும், கீழ் கோணத்தை நடுவுல மறுபடி ஸ்கேன் பண்ற வசதி இருந்தாலும் ரெண்டு நிமிஷ சுழலைப் பிடிக்கறது அதிர்ஷ்டம்தான். ரேடார்ல இலை, குப்பை எல்லாம் மேல பறக்கறதையும் இப்போ பாக்க முடியும், 2013க்குள்ள நாடு முழுக்க ரேடாரை அதுக்கு மேம்படுத்திட்டாங்க, ஆனா அது தெரியறப்போ டொர்னேடோ ஏற்கெனவே தரையில மரத்தை உரிச்சுக்கிட்டு இருக்கும்.

அதனால இந்த மாதிரி கோடு வரும்போது வெதர் சர்வீஸ் குடுக்கறது பெரும்பாலும் கடும் இடிப்புயல் வார்னிங், அதுக்குள்ளயே டொர்னேடோ வரவும் வாய்ப்புன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் படிக்கறதில்ல. போன் ஏன் கத்தலன்னா, 2021 ஆகஸ்ட்ல இருந்து இடிப்புயல் வார்னிங்ல மோசமான வகைக்கு மட்டும்தான், அதாவது 80 மைல் காத்தோ பேஸ்பால் அளவு ஆலங்கட்டியோ எதிர்பார்த்தா மட்டும்தான், எல்லார் போனுக்கும் தானா அலர்ட் போகும். சாதாரண 60 மைல் வார்னிங்குக்குப் போகாது. சைரன் வெதர் சர்வீஸ் கையில இல்ல, ஊர் நிர்வாகமோ கவுண்ட்டியோ ஊதறது, அதுவும் வெளியில நிக்கறவங்களுக்காக வெச்சது, ஜன்னலை மூடிட்டு ஏசி போட்டுத் தூங்கறவங்க காதுல விழணும்னு எதிர்பார்க்கவே கூடாது. ராத்திரிக்கு வெதர் ரேடியோ (வானிலை வார்னிங் வந்தா சத்தம் போடற ரேடியோ) ஒண்ணு வாங்கி படுக்கைகிட்ட வைங்க, விலை அதிகமில்ல, பேட்டரியிலயும் ஓடும்.

இப்ப இவ்ளோ சின்னதுக்கு ஏன் அலட்டறோம்னா. 1995ல இருந்து 2007 வரைக்கும் அமெரிக்காவுல காத்துல விழுந்த மரத்தால செத்தவங்களை கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து தாமஸ் ஷ்மிட்லின் தொகுத்துப் பாத்தார், 407 பேர். அதுல டொர்னேடோவால விழுந்த மரம் 7 சதவீதம்தான், சாதாரண இடிப்புயல் காத்து 41 சதவீதம். அதாவது மரத்துக்கு அடியில இருக்கறவங்களுக்கு சுழலா நேரா, ஈஎஃப்-0வா வெறும் காத்தாங்கற வித்தியாசமே கிடையாது. 2024 மே 16 அன்னிக்கு ஹூஸ்டன்ல புயல் கோடு போனப்போ டவுன்டவுன் கண்ணாடி எல்லாம் நொறுங்கினது 100 மைல் கிட்ட வந்த நேர்க் காத்துல, அதே புயல்ல ஹூஸ்டனை ஒட்டின சைப்ரஸ் பக்கம் வந்த டொர்னேடோ ஈஎஃப்-1, ரெண்டோட பலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "டொர்னேடோ இல்ல, காத்து மட்டும்தான்"னு சொல்லி நிம்மதியா படுக்கறதுல அர்த்தமே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, இதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்கும். 2011 ஏப்ரல் 27, அலபாமா. அன்னிக்கு சாயங்காலம் வந்த பயங்கர டொர்னேடோக்களைத்தான் எல்லாரும் பேசறாங்க, அந்த நாலு நாள் அவுட்பிரேக்ல 300 பேருக்கு மேல போயிட்டாங்க. ஆனா அன்னிக்கு விடியற்காலையிலயே ஒரு புயல் கோடு அலபாமாவைக் கடந்துச்சு, சாயங்காலம் வந்ததோட ஒப்பிட்டா வலு குறைஞ்ச டொர்னேடோக்கள், ஏகப்பட்ட மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்து ஏராளமான வீடுகள் இருட்டாச்சு, சில இடத்துல வெதர் ரேடியோ டவரே அடங்கிருச்சு. மதியத்துக்கு மேல நிஜமான ஆபத்து வந்தப்போ டிவியும் ரேடியோவும் இல்லாம எத்தனையோ பேருக்கு வார்னிங் போய்ச் சேரல. அவுட்பிரேக்னா ஒரே நாள்ல ரெண்டு மூணு அலையா வரலாம், முதல் அலை லேசா போச்சுன்னா அது முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல.

உங்க வாசல்ல இன்னும் மரம் கிடக்குன்னு சொன்னதால சில விஷயம். வெட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, வேர்ப்பக்கம் நின்னு நுனியைப் பாத்து ஒண்ணு, வேர்க்குழியைக் கிட்டத்துல ஒண்ணு, வீட்டோட சேத்து தூரத்துல இருந்து ஒண்ணு, போன்ல லொகேஷன் ஆன்ல இருக்கட்டும். இன்சூரன்ஸுக்கும் உதவும், வெதர் சர்வீஸ் ஆபீஸுக்கு அனுப்பினா அவங்க தடத்தைத் திருத்தவும் உதவும், அவங்களால எல்லா கொல்லைப்பக்கமும் போய்ப் பாக்க முடியாது. இன்சூரன்ஸ்ல பொதுவா மரம் வீட்டு மேல விழுந்தா வீட்டு பாலிசி, பக்கத்து வீட்டு மரமா இருந்தாலும் உங்க பாலிசிதான், கார் மேல விழுந்தா கார் பாலிசியில காம்ப்ரிஹென்சிவ் (மோதல் இல்லாத மத்த சேதத்துக்கான பகுதி) இருக்கணும், ஒண்ணு மேலயும் விழாம புல்தரையில கிடந்தா அப்புறப்படுத்தற செலவு பெரும்பாலும் உங்க கையில இருந்துதான். காத்து, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள் (முதல்ல நீங்களே ஏத்துக்கற தொகை) இருக்கான்னு பாலிசியில பாத்துக்கோங்க, சில மாநிலங்கள்ல அது வீட்டு மதிப்புல சதவீதமா இருக்கும், பாத்தா திக்குனு இருக்கும்.

கம்பி சுத்தியிருக்கற மரத்துக்கிட்ட போகவே போகாதீங்க, 35 அடியாவது தள்ளி நின்னு கரண்ட் கம்பெனிக்கு போன் பண்ணுங்க, கம்பி செத்துப்போச்சுன்னு நீங்களா முடிவு பண்ண வேண்டாம். வேரோட சாஞ்ச மரத்தைத் தெரியாதவங்க அறுக்கறது ரொம்ப ஆபத்து, தண்டை அறுத்ததும் பாரம் போய் அந்த வேர்த்தட்டு மண்ணோட பழைய இடத்துக்கே சடார்னு திரும்பி உக்காரும், குழிக்குள்ள யாரும் நிக்கக்கூடாது, குழந்தைங்க அந்தக் குழியில விளையாடப் போவாங்க, பாத்துக்கோங்க. வளைஞ்சு இன்னொரு மரத்துல மாட்டிக்கிட்டு நிக்கற கிளைக்கு அடியிலயும் நிக்காதீங்க.

விழாம நிக்கற மரங்களையும் ஒரு சுத்து பாருங்க. அடியில மண்ணு ஒரு பக்கம் லேசா தூக்கியிருக்கா, முன்னாடி நேரா நின்னது இப்போ சாஞ்சிருக்கா, தண்டுல புதுசா நெடுக்க விரிசல் இருக்கா. இருந்தா அந்த மரம் பாதி வேர் அறுந்து நிக்குதுன்னு அர்த்தம், அடுத்த புயல்ல 50 மைல் காத்தே போதும். லைசென்ஸும் இன்சூரன்ஸும் இருக்கற மர நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி முன்பணம் கேக்கறவங்ககிட்ட குடுத்துடாதீங்க. மர நிபுணர் வந்து பாக்கற வரைக்கும் அந்த மரம் சாய்ற பக்கத்து ரூம்ல யாரும் படுக்க வேண்டாம், குழந்தைங்களைக் கீழ்த்தளத்துல எதிர்ப்பக்க ரூமுக்கு மாத்திடுங்க.